கேமரா மெமரி கார்டு: பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் பாருங்கள்

கேமரா வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் விசாரிப்போம். லென்ஸுக்காக நாலு பேரிடம் கேட்போம். மெமரி கார்டு என்று வந்தால் மட்டும், "64 ஜிபி போதுமா சார், 128 தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வியோடு வியாபாரம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் 128 ஜிபி கார்டிலேயே பல விலைகள் இருக்கும். அடிமட்ட விலைக்கும் உச்ச விலைக்கும் நடுவில் பல மடங்கு வித்தியாசம். கொள்ளளவு ஒன்றேதான் என்றால் அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? பெரும்பாலும் வேகத்துக்கு. எந்த வேகத்துக்கு என்பதில்தான் குழப்பமே.

கடைகளில் அதிகம் கிடைக்கும் ஒரு கார்டையே எடுத்துக்கொள்வோம்: சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ, 128 ஜிபி. அதன் முகத்தில் பெரிதாக 200 என்று போட்டிருக்கும், நொடிக்கு 200 எம்பி என்ற பொருளில். அது படிக்கும் வேகம். அதாவது, கார்டில் இருப்பதைக் கணினிக்கு எடுக்கும்போது கிடைக்கக்கூடிய உச்சம். கேமரா படம் எடுக்கும்போது செய்வது அந்த வேலை அல்ல. அது கார்டில் எழுதுகிறது. இதே கார்டின் எழுதும் வேகம் அதிகபட்சம் 90 எம்பி என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆனால் அந்த எண் முகப்பில் இருக்காது, விவரக்குறிப்பில் தேடினால் கிடைக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் செய்கின்றன. பெரிய எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவது வியாபார தர்மம் போலும்.

இந்த 90 கூட உச்ச வேகம்தான். எல்லா நேரமும் கிடைக்காது. ஏன் என்று புரிந்துகொள்ள, கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற வகைச் சிப். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987ல் அறிவித்த தொழில்நுட்பம் அது. அதில் ஒரு வினோதம் உண்டு. ஒருமுறை எழுதிய இடத்தின் மேலேயே நேரடியாக மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய முடியாது, பெரிய பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். ஒரு தொகுதியில் பாதி இடம் காலி, பாதியில் பழைய படங்கள் என்றால், அந்தப் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அழித்து எழுத வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள கார்டுக்குள்ளேயே கன்ட்ரோலர் என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. கேமரா படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்போது கன்ட்ரோலர் இந்த வீட்டு வேலையிலும் மாட்டிக்கொண்டால் வேகம் சட்டென்று விழும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விலையைக் குறைக்க இப்போது ஒரே செல்லில், அதாவது தரவைச் சேமிக்கும் நுண்ணிய அறையில், மூன்று பிட்டோ அதற்கு மேலோ அடைக்கிறார்கள். அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதனால் பல கார்டுகள் முதலில் வரும் தரவை ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று ஒரு சிறு பகுதியில் வேகமாக எழுதி வாங்கிக்கொள்ளும். அந்தப் பகுதி நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வரும். வேகச் சோதனையில் முதல் சில நொடிகள் பிரமாதமாக ஓடிய கார்டு, அப்புறம் தவழ ஆரம்பிப்பது இதனால்தான்.

ஆகவே வீடியோ எடுப்பவருக்குத் தேவையானது உச்ச வேகம் அல்ல, "இதற்குக் கீழே போகாது" என்ற உத்தரவாதம். அதைச் சொல்வதுதான் கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகள்.

அந்த எழுத்துகள் மூன்று தலைமுறைகளைச் சேர்ந்தவை. சி என்ற எழுத்து வளைந்து, உள்ளே 10 என்றிருந்தால், குறைந்தது நொடிக்கு 10 எம்பி. யூ என்ற எழுத்துக்குள் 1 என்றால் அதே 10, உள்ளே 3 என்றால் 30. வி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 30, 60, 90 என்று போட்டிருந்தால் அந்த எண்ணே எம்பி கணக்கு. ஒரே கார்டில் சி10, யூ3, வி30 மூன்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய அளவுகோலையும் புதியதையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். மூன்றில் வி எழுத்தை மட்டும் பார்த்தால் போதும், அது இல்லையென்றால் யூ. ஏ1, ஏ2 என்ற எழுத்துகளும் சில கார்டுகளில் இருக்கும். அவை செல்போனில் ஆப்களைக் கார்டிலிருந்தே ஓட்டுவதற்கான தரம். கேமராவுக்கு அவற்றால் பயனில்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

உங்கள் வீடியோவுக்கு எவ்வளவு வேகம் போதும்?

இதற்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும். கேமராவின் கையேட்டில் வீடியோவின் வேகம் மெகாபிட்டில் இருக்கும். கார்டின் வேகம் மெகாபைட்டில், அதாவது எம்பியில், இருக்கும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே கேமராவின் எண்ணை எட்டால் வகுத்தால் கார்டின் எண் வந்துவிடும்.

சோனி ஏ6400 மாதிரி ஒரு கேமராவில் 4கே வீடியோவின் உச்சம் நொடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. வி30 கார்டு 30 எம்பி உத்தரவாதம் தருகிறது. இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி இருக்கிறது! "4கே எடுக்கணும்னா வி90தான் வாங்கணும்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 200 மெகாபிட் என்றாலும் 25 எம்பிதான், வி30க்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் ஆல்-ஐ முறையில் 400 மெகாபிட் எடுப்பவருக்கு 50 எம்பி, அவர் வி60 பக்கம் போக வேண்டும். 600 மெகாபிட்டுக்கு 75 எம்பி, அங்கேதான் வி90 தேவைப்படுகிறது. கல்யாணம், காதுகுத்து, யூடியூப் என்று எடுப்பவர்களில் பெரும்பாலோர் வி30க்குள்ளேயே அடங்கிவிடுவார்கள்.

கணக்கு ஒரு பக்கம் இருந்தாலும் சில கேமராக்கள் அடம்பிடிக்கும். குறிப்பிட்ட வீடியோ முறைக்கு யூ3 அல்லது வி60 அடையாளம் உள்ள கார்டு வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தால், அதை அப்படியே கேளுங்கள். தரம் குறைந்த கார்டைப் போட்டால் அந்த முறையில் பதிவையே தொடங்க விடாத கேமராக்கள் உண்டு.

போட்டோ எடுப்பவரின் கணக்கு வேறு

ஒவ்வொரு படமாக நிதானமாக எடுப்பவருக்குக் கார்டு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. கோயில் சிற்பம், இயற்கைக் காட்சி, வீட்டில் குழந்தை என்றால் எந்த நல்ல கார்டும் போதும். தொடர்ச்சியாகச் சுடும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. பறவை படம் எடுப்பவர்கள், விளையாட்டுப் படம் எடுப்பவர்கள், தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தில் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்கும் கல்யாண போட்டோகிராபர்கள், இவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கப்பட்ட ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) ஒன்று சுமாராக 25 எம்பி வரும். நொடிக்கு 10 படம் என்றால் 250 எம்பி. அந்த வேகத்தில் எழுதித்தள்ளும் கார்டு பெரும்பாலானோர் பையில் கிடையாது. அதனால் கேமரா தன் உள் நினைவகத்தில், அதாவது பஃபரில், படங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வேகமாக நிரப்புகிறது, கீழே குழாய் மெதுவாக வெளியேற்றுகிறது. தொட்டி நிரம்பும் வரை ஒன்றும் தெரியாது, நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தியே ஆக வேண்டும். பஃபர் நிரம்பியதும் நொடிக்குப் பத்துப் படம் எடுத்த கேமரா ஒன்று, இரண்டு என்று திக்கித் திணறும். வேகமான கார்டு தொட்டியைப் பெரிதாக்காது, குழாயைத்தான் பெரிதாக்கும்.

அந்தக் குழாய் எவ்வளவு பெரிதாகலாம் என்பதைத் தீர்மானிப்பது கார்டு மட்டும் அல்ல, கேமராவின் ஸ்லாட்டும்தான். எஸ்டி கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறப் பின்கள் ஒரே வரிசையில் இருந்தால் அது யூஎச்எஸ்-1 என்ற தரவுப் பாதை. அந்தப் பாதையின் உச்ச வேகம் 104 எம்பி. கீழே இரண்டாவது வரிசை இருந்தால் யூஎச்எஸ்-2, உச்சம் 312 எம்பி. முகப்பில் ரோமன் எண்ணில் ஒரு கோடு அல்லது இரண்டு கோடு என்று போட்டிருப்பதும் இதைத்தான் சொல்கிறது.

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். யூஎச்எஸ்-2 கார்டை யூஎச்எஸ்-1 ஸ்லாட்டில் போடலாம், வேலை செய்யும். ஆனால் இரண்டாவது வரிசைப் பின்களைத் தொட அந்த ஸ்லாட்டில் ஆளில்லை. முதல் வரிசையின் வேகத்தோடு சரி. கேனான் ஆர்50, நிக்கான் இசட்30, சோனி ஏ6400 ஆகியவை யூஎச்எஸ்-1 கேமராக்கள். இவற்றுக்கு இரண்டு வரிசைக் கார்டு வாங்குவதைவிட, நல்ல ஒரு வரிசைக் கார்டு இரண்டு வாங்கலாம். கேனான் ஆர்7, சோனி ஏ6700, ஃபுஜி எக்ஸ்-டி5 போன்றவற்றில் யூஎச்எஸ்-2 ஸ்லாட் இருக்கிறது, அங்கே அந்தப் பணம் வேலை செய்யும். சோனி ஏ7-3ல் இரண்டு ஸ்லாட், ஒன்று யூஎச்எஸ்-2, மற்றது யூஎச்எஸ்-1. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால் மெதுவானதுதான் மொத்த வேகத்தையும் முடிவு செய்யும். கல்யாண வேலையில் இரண்டு கார்டிலும் பிரதி எடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கேமராவில் எது என்று தெரியவில்லையா? கேமரா பெயரோடு "கார்டு ஸ்லாட்" என்று தேடிப் பாருங்கள், தயாரிப்பாளரின் தளத்திலேயே இருக்கும். கார்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே ஆராய்ச்சி இதுதான் என்பேன்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். யூஎச்எஸ்-1 பாதையின் உச்சமே 104 என்றால், நாம் முதலில் பார்த்த ஒரு வரிசைக் கார்டில் 200 எப்படி வந்தது? அது எஸ்டி தரத்துக்கு வெளியே, தயாரிப்பாளர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட ஒரு முறை. அதைப் புரிந்துகொள்ளும் தனி கார்டு ரீடரில் போட்டால்தான் 200 கிடைக்கும். சாதாரண ரீடரிலும் கேமராவிலும் 104க்குள்தான். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

விலை கூடிய கேமராக்களில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு இனம் இருக்கிறது. ஏ வகை, பி வகை என்று இரண்டு, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது. சோனி ஏ பக்கம் போனது. கேனானும் நிக்கானும் பி பக்கம் போயின. கேனான் ஆர்5ல் 8கே ரா வீடியோ நொடிக்குச் சுமார் 2600 மெகாபிட், எட்டால் வகுத்தால் 325 எம்பி. எஸ்டியின் யூஎச்எஸ்-2 பாதை 312லேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் அந்த இனம் தேவைப்பட்டது. அது உங்கள் கேமராவில் இல்லையென்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எத்தனை ஜிபி?

100 மெகாபிட் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். ஆக 64 ஜிபியில் சுமார் ஒரு மணி 25 நிமிடம். ரா படம் என்றால் 64 ஜிபியில் ஏறக்குறைய 2500 படம். கார்டைக் கணினியில் போட்டால் 64க்குப் பதில் 59 சொச்சம் காட்டும். யாரும் திருடவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

ஒரே பெரிய கார்டா, இரண்டு சின்னக் கார்டா என்பது பழைய பஞ்சாயத்து. போட்டோவுக்கு நான் இரண்டு சின்னதன் பக்கம். ஒன்று போனாலும் பாதியாவது மிஞ்சும். நிகழ்ச்சி வீடியோவுக்குப் பெரியதன் பக்கம், ஏனென்றால் கார்டு மாற்றும் நேரத்தில்தான் மேடையில் முக்கியமானது நடக்கும். ரொம்பப் பழைய கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி எக்ஸ்சி தரம் 2009ல்தான் வந்தது. அதற்கு முன் வந்த கேமராக்கள் பெரும்பாலும் அந்தக் கார்டுகளை ஏற்காது. 32 ஜிபியோடு நின்றுகொள்ளுங்கள்.

நம்பகம் வேகத்தில் இல்லை

வி90 போட்டிருப்பதால் அந்தக் கார்டு கெட்டுப்போகாது என்று அர்த்தம் இல்லை. கார்டு சாவது பெரும்பாலும் எழுதி எழுதித் தேய்ந்து அல்ல. நாண்ட் செல்கள் பல நூறு முறையாவது முழுக்க எழுதி அழிக்கத் தாங்கும், வாரம் ஒருமுறை நிரப்புபவருக்கு அது ஆண்டுக்கணக்கில் வரும். கன்ட்ரோலர் திடீரென்று செத்துப்போவது, கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கார்டை உருவிவிடுவது, பக்கவாட்டில் இருக்கும் பூட்டு உடைந்து கார்டு "எழுத முடியாது" என்று நிற்பது, இவையே அதிகம். சோனியின் டஃப் வரிசைக் கார்டுகளில் இந்த உடையும் பூட்டையே எடுத்துவிட்டார்கள். நல்ல யோசனை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து போலி. விலை குறைந்த 16 ஜிபி சிப்பின் கன்ட்ரோலரில் "நான் 256 ஜிபி" என்று பொய் எழுதி, மேலே பிரபல பெயரை ஒட்டி விற்கிறார்கள். கேமராவும் கணினியும் 256 என்றே காட்டும். 16 ஜிபி வரை எல்லாம் சரியாகவும் நடக்கும். அதற்கு மேல் எடுத்த படங்கள் பெயர் அளவில் இருக்கும், திறந்தால் சாம்பல் கட்டமாக வரும். சந்தை விலையில் பாதிக்கும் கீழே ஒரு கார்டு கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள், தளத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் வாங்கினால் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி கோர அது வேண்டும்.

எங்கே வாங்கினாலும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். 128 ஜிபிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இரவு சாப்பிடப் போகும்போது ஓடவிட்டால் போச்சு. போலி என்றால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடுபவர்களும் உண்டு. அவசரத்துக்குச் சரி. தினசரி வேலைக்கு வேண்டாம். தொடர்பு விட்டுப்போக ஒரு இடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். டிரோனுக்கும் கோப்ரோவுக்கும் மைக்ரோ எஸ்டிதான் வழி, அங்கேயும் வி30 பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் ஃபார்மட். படங்களைக் கணினிக்கும் இன்னொரு டிரைவுக்கும் ஏற்றிய பிறகு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் ஒவ்வொன்றாக அழிப்பதால் இடம் துண்டு துண்டாகக் காலியாகும். வி எழுத்து தரும் உத்தரவாதமோ வரிசையாக இடம் கிடைத்தால்தான் செல்லுபடியாகும். நன்றாக ஓடிய கார்டில் வீடியோ திடீரென்று பாதியில் நின்றால் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான், புதுக் கார்டு வாங்குவது அல்ல.

தெரியாமல் அழித்துவிட்டால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். அழிக்கும்போது கேமரா பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயரைத்தான் எடுக்கிறது, படம் அங்கேயே இருக்கும், மேலே வேறொன்று எழுதப்படும் வரை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அதைத் தேடி எடுத்துத் தரும். கோப்பின் பெயர்கள் மாறிப்போய்த் தாறுமாறாக வரும், ஆனால் படம் வரும்.

கடைசியாகக் கார்டு ரீடர். முகப்பில் போட்டிருக்கும் அந்தப் பெரிய எண் வேலைக்கு வருவது இங்கே மட்டும்தான். பழைய யூஎஸ்பி 2 ரீடரில் நொடிக்கு 35 எம்பி கிடைத்தால் பெரிய விஷயம், 64 ஜிபி கார்டைக் காலி செய்ய அரை மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3 ரீடரில் அதே யூஎச்எஸ்-1 கார்டு 90 எம்பி தந்தால் 12 நிமிடம். யூஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். கார்டை மாற்றாமல் ரீடரை மட்டும் மாற்றியே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.